சுவரே ஏடாக: பினாங்கின் இரும்புக்கம்பிச் சிற்பங்கள்

சிற்பம் என்றவுடன் நம் உள்ளம் மாமல்லபுரத்துக்கும் தஞ்சைக்கும் ஓடுகின்றது. கல்லிலும் செம்பிலும் சுதையிலும் பயின்ற கண்ணுக்கு, பினாங்கின் ஜார்ஜ் டவுன் வீதிகளில் சுவரை ஒட்டி நிற்கும் கரிய இரும்புக்கம்பி உருவங்கள் முதலில் வெறும் வேடிக்கையாகவே தோன்றும். இவற்றையும் சிற்பம் எனக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதே எம் கருத்து. அதற்குரிய காரணம் உருவத்தில் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் இருக்கின்றது.

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய இந்நகரம், மலாக்காவுடன் சேர்ந்து 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மறு ஆண்டில் பினாங்கு மாநில அரசு, நகரின் வீதிகளைக் கலையால் அடையாளப்படுத்தும் திட்டம் ஒன்றுக்குப் போட்டி வைத்தது. 'ஸ்கல்ப்சர் அட் ஒர்க்' என்னும் நிறுவனம் வென்றது. கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்த கோடுகள் இரும்புக்கம்பிகளாக வளைக்கப்பெற்று, 52 சிற்பங்கள் வீதிதோறும் அமைந்தன.

கம்பியால் வெளியில் கோடு வரையும் இம்முறைக்கு மேலை நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1928 முதல் பாரிசில் பிக்காசோவும் கொல்லர் குடியில் பிறந்த ஹூலியோ கொன்சாலெசும் கூடி இரும்பில் இதனைச் செய்து பார்த்தனர். கற்சிற்பம் வெளியைத் தன் பருமையால் நிரப்புகின்றது. கம்பிச் சிற்பமோ வெளியை வளைத்துக் காட்டுகின்றது. கம்பிகளுக்கு இடையே தெரியும் பழஞ்சுவரும் சிற்பத்தின் உறுப்பே. வெயில் ஏறும்போது விழும் நிழல் மற்றுமோர் ஓவியமாகின்றது.

சூ ஹோங் சந்து மிகக் குறுகியது. அங்குள்ள சிற்பம், அச்சந்தில் ரிக்‌ஷாவுடன் திண்டாடும் ஒருவரைக் காட்டுகின்றது. இதனைப் பெயர்த்து அகன்ற சாலையில் வைத்தால் நகைச்சுவை அப்பொழுதே மாய்ந்துவிடும். இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று. தென்முகக் கடவுள் கருவறையின் தென்புறத்தில்தான் அமர்வார். குயின் வீதியில் 1833 முதல் விளங்கும் மகாமாரியம்மன் கோயிலின் கோபுரச் சுதையுருவங்களும், வீதியில் நிற்பவர் அண்ணாந்து நோக்குவதற்கென்றே அமைந்தவை.

ஆயினும் ஒரு வருத்தம் உண்டு. பழைய வீடுகளுக்கு வாடகை வரம்பு விதித்திருந்த சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பெற்றது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பாதுகாப்பு முற்றும் நீங்கவே, வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் வாழ்ந்த கைவினைஞர் பலர் வெளியேறினர். அவர்தம் வாழ்வைச் சுவரில் எழுதும் பணி தொடங்கியதோ அதன் பின்னர்தான்! வீரன் மாய்ந்தபின் நடுகல் நாட்டினர் நம் முன்னோர். தொழில் மறைந்த தெருவில் நிற்கும் கம்பியுருவமும் ஒருவகை நடுகல்லே ஆகும். ஆனால் தொழிலாளி இன்னும் வாழ்கின்ற தெருவில் அது நடுகல்லாகிவிடலாகாது.

ஆகவே ஆசிரியர்கள் மாணவரை இவ்வீதிகளுக்கு அழைத்துச் செல்லும்போது, படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இவ்வுருவம் ஏன் இங்கே நிற்கின்றது? இதனை வேறிடத்துக்கு மாற்றினால் எப்பொருள் அழியும்? இது காட்டும் மனிதர் இன்று எங்கே? மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் மாணவன், சிற்பத்தோடு தன் ஊரின் வரலாற்றையும் கற்றவனாவான்.