கல்லூரிக் கால்பந்தில் வெற்றியாளரைத் தெரிந்தெடுக்கும் முறை: ஒரு வரலாற்று நோக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில், இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளரை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பும் காலை வேளையொன்றில், ஒரு பொறியியற் கல்லூரி மைதானத்தில் மண்டலக் கால்பந்துப் போட்டியின் முதற்சுற்று ஆட்டத்தை நான் பார்த்தேன். இரு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடிந்து, ‘டை-பிரேக்கர்’ வைக்கப்பட்டபோது, ஐந்தாவது உதையை உதைத்த பையனின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பெனால்டிப் புள்ளியின் சுண்ணாம்பைப் பூட்ஸ் நுனியால் தேய்த்தபடி அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு ஓரத்திலிருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கணுக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தான். மணி அப்போது ஒன்பது ஆகவில்லை. மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து பயிற்சி செய்த அந்த அணிக்கு, அந்த வருஷத்துப் பந்தயம் அத்துடன் முடிந்துபோயிற்று.

ஒரு தோல்வியோடு ஒருவனை வீட்டுக்கு அனுப்பும் இந்த ‘நாக்-அவுட்’ முறை எங்கிருந்து வந்தது, ஏன் நிலைத்தது, பிற இடங்களில் எவ்வாறு மாறிற்று என்பவற்றை ஆராய்ந்தால், நம் கல்லூரிகளிலும் அது மாற வேண்டியதன் நியாயம் தானே புலப்படும்.

இந்தியாவில் கால்பந்துப் பந்தயங்களின் தொடக்கம் பட்டாளத்தைச் சார்ந்தது. அக்காலத்தில் இந்திய அரசாங்கத்தின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டியூரண்ட் 1888இல் சிம்லாவில் தொடங்கிய கோப்பையும், 1891இல் பம்பாயில் தோன்றிய ரோவர்ஸ் கோப்பையும், 1893இல் கல்கத்தாவில் தோன்றிய ஐ.எஃப்.ஏ. கேடயமும் தோற்றவரை வெளியேற்றும் முறையையே கைக்கொண்டன. படைப்பிரிவுகள் ஓரிடத்தில் கூடியிருக்கும் காலம் சொற்பமாகையால், அக்காலத்துக்கு அம்முறை பொருத்தமாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். 1911ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி, கிழக்கு யார்க்‌ஷையர் பட்டாளத்தை மோகன் பகான் 2-1 என்று வென்று கேடயத்தைப் பெற்ற பின்னர், இத்தகைய கோப்பைகளுக்குத் தேசிய உணர்ச்சியின் ஒளியும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் எல்லோரோடும் மோதிப் புள்ளி சேர்க்கும் ‘லீக்’ முறை 1898 முதற்கொண்டே கல்கத்தாவில் நடந்துவந்த போதிலும், ஜனங்களின் மனத்தில் வீரமென்றால் கோப்பைதான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

கிரிக்கெட்டும் அவ்வழியேதான் புறப்பட்டது. 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்தில், ஏ.ஜி. ராம் சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, மைசூர் ஒரே நாளில் தோற்றது. அவ்வருஷத்துப் பந்தயத்துக்கும் அன்றே விடைகொடுத்தது. இந்தக் குறையை உணர்ந்தவர்கள் இருபத்துமூன்று பருவங்கள் கழித்து, 1957-58இல், மண்டலந்தோறும் லீக் ஆடவைத்து, அதில் தேறியவர்களை மட்டும் வெளியேற்றுச் சுற்றுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். முதலில் பலமுறை ஆடிப் பார்ப்பது, பிறகு இறுதிப் பரீட்சை வைப்பது என்ற கிரமம் அவ்வாறு நம் தேசத்தில் இடம் பெற்றது.

பல்கலைக்கழகங்களோ இந்தக் கிரமத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருக்கின்றன. 1925இல் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வாரியம், பிற்காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் பெற்றது. இச்சங்கத்தின் கால்பந்துப் போட்டியில் தேசம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதலில் வெளியேற்று ஆட்டங்கள் நடந்து, எஞ்சிய நான்கு அணிகளே லீக் ஆடுகின்றன. அவையே பின்னர் சர் அசுதோஷ் முகர்ஜி பெயரால் வழங்கும் அகில இந்தியக் கோப்பைக்குச் செல்கின்றன. அதாவது, பலமுறை ஆடும் பாக்கியம் ஏற்கெனவே வல்லவர்களான நால்வருக்குக் கிடைக்கிறது. ஆடி ஆடித் தேற வேண்டிய மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகமும் தன் இணைப்புக் கல்லூரிகளை மண்டலங்களாக வகுத்து, மண்டலத்துக்குள் ஒரு போட்டியும் மண்டலங்களுக்கிடையே ஒரு போட்டியும் நடத்துகிறது. கீழ்ப்படியில் பெரும்பாலும் நாக்-அவுட்தான்.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே கவனத்துக்குரியது. அங்கே ‘ஃபுட்பால்’ என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டமாயினும், கல்லூரிகளுக்குள் வெற்றியாளர் யார் என்ற விவகாரம் அங்கேதான் மிக நீண்டது. 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பே முதலிடத்தைச் சொல்லிவந்தது. 1998இல் வாக்குகளையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டு அணிகளைத் தெரிந்தெடுத்து மோதவிட்டார்கள். 2014ஆம் பருவத்தில் நான்கு அணிகளுக்குப் ‘பிளே-ஆஃப்’ என்னும் இறுதிக்கட்ட வெளியேற்றுச் சுற்று வந்தது. 2024இல் அது பன்னிரண்டாக விரிந்தது. 2014இன் அந்த முதல் நால்வருள் கடைசி இடத்தில் வைக்கப்பட்டிருந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமே பட்டத்தை வென்றது. காகிதத்தில் இட்ட வரிசை மைதானத்தில் நில்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

ஆயினும் நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில், இந்தத் தொழிற்பகுதியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அதன் உபரிநீர் அடையாற்றில் திறக்கப்பட்டுச் சென்னை மூழ்கிய வாரத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார். அந்தப் பருவத்து ஐ.எஸ்.எல். போட்டியில், பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின் எஃப்.சி., கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது. வெள்ளத்தால் தன் சொந்த மைதானத்தை இழந்து, அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20ஆம் தேதி ஃபதோர்தாவில் நடந்த இறுதியாட்டத்தில், 87ஆம் நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்திக்கொண்டது. 90ஆம் நிமிஷத்தில் கோவாவின் கோல்காப்பாளர்மீது பட்டுப் பந்து உள்ளே போயிற்று. அதன்பின் சென்னை அணியின் மெண்டோசா அடித்த கோல் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. வீடு வாசல் இழந்து நின்ற நகரத்துக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்தது என்பதை அன்று இங்கிருந்தவர்கள் அறிவார்கள். லீக் பட்டியல் மட்டுமே தீர்ப்பாக இருந்திருந்தால், 22 புள்ளி பெற்ற சென்னைக்கு அந்த டிசம்பரில் ஒன்றும் இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அது வலிமையான மறுப்பு. 25 புள்ளிகளோடு பட்டியலில் முதலாவதாக வந்த கோவாவுக்கு, கடைசிச் சில நிமிஷங்களில் எல்லாம் பறிபோனது நியாயமா? லீக் மட்டுமே ஆடினாலும் விறுவிறுப்புக்குக் குறைவில்லை என்பதைச் சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச் 9இல் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று ஐ-லீக் பட்டத்தை அடைந்தபோது கண்டோம். ஆகவே பிளே-ஆஃப் வேண்டுமென்பவர்கள், பருவம் முழுதும் உழைத்தவனின் உரிமையைக் காக்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, பட்டியலில் முதல்வனுக்குத் தனிக் கௌரவம். 2019-20இல் ஐ.எஸ்.எல். அப்படியொரு கேடயத்தை ஏற்படுத்தியபோது, அதை முதலில் பெற்றது அதே கோவாதான். அவ்வருஷ அரையிறுதியில் மறுபடியும் சென்னையின் எஃப்.சி.யிடமே அது மொத்தக் கோல்களில் 5-6 என்று தோற்றது, ஆனால் கேடயம் அதனிடமே இருந்தது. மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1931இல் கையாளப்பட்டு, பிற்காலத்தில், 2011 முதல், நம் ஐ.பி.எல். வாயிலாக எல்லோருக்கும் பழகிப்போன பேஜ் முறை. அதன்படி முதலிரு இடத்தாரில் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்தாருக்கு அது இல்லை. உழைப்புக்கு உரிய சலுகையும் பின்தங்கியவனுக்கு உரிய நம்பிக்கையும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது.

இதை நம் வட்டாரத்துக்குப் பொருத்திக் கணக்கிட்டுப் பார்த்தேன். 1985இல் தொடங்கிய பென்னலூர் ஸ்ரீ வேங்கடேசுவரா பொறியியற் கல்லூரி, 1997இல் தொடங்கிய தண்டலம் ராஜலட்சுமி பொறியியற் கல்லூரி போன்றவை ஒன்றுக்கொன்று கல்லூரிப் பேருந்தில் எளிதில் சென்றடையும் தூரத்திலேயே இருக்கின்றன. எட்டுக் கல்லூரிகள் சேர்ந்தால், நாக்-அவுட் முறையில் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியே. லீக் முறையில் ஒவ்வோர் அணிக்கும் 7, ஆக 28 ஆட்டங்கள், பேஜ் முறைப் பிளே-ஆஃபுக்கு 4, மொத்தம் 32. சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டமாக இரண்டு மைதானங்களில் வைத்தால் லீக்குக்கு ஏழு சனிக்கிழமைகள், பிளே-ஆஃபுக்கு மூன்று. பத்தே வாரம், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் முடித்துவிடலாம். படிப்பு கெடும் என்ற அச்சத்துக்கும் இதில் இடமில்லை. பல நாட்கள் தொடர்ந்து வகுப்பை விட்டுச் செல்லும் இன்றைய போட்டிகளைவிட வாரத்துக்கு ஓர் அரைநாள் எவ்வளவோ மேல். செலவு கூடும் என்பது மெய். நடுவர் ஊதியமும் பேருந்து டீசலும் நான்கு மடங்குக்கு மேலாகும். ஆனால் அந்தப் பையனுக்கு ஆறு ஆட்டங்கள் மிச்சம் இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டிய காரியமன்று இது. இந்த வட்டாரத்திலுள்ள உடற்கல்வி இயக்குநர்கள் எட்டுப் பேர் ஒரு மாலை ஒன்றாக உட்கார்ந்து அட்டவணை போட்டால் போதும். வரும் கல்வியாண்டின் முதற் சனிக்கிழமைக்குள் அதைச் செய்யுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.