சரடு நீக்கி நிறுத்த முத்து

முத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கடலோடும் சிப்பியோடும் குளிப்போரோடும் அரசுக்குக் கிடைத்த வருவாயோடும் நின்றுவிடுகிறது. கரையேறிய முத்து கழுத்தேறுவதற்கு முன் துளையிடுதல், கோத்தல் என்னும் இரண்டு கைத்தொழில்களைக் கடந்தாக வேண்டும். இவற்றுள் துளையிடுதலுக்கு நூல்களில் ஓரளவு இடம் கிடைத்துள்ளது. கோத்தலோ, எளிய வேலை என்று கருதப்பட்டதாலோ என்னவோ, பெரும்பாலும் பேசப்படாமலே போயிற்று. பாண்டிய நாட்டு மதுரையின் தொழிலாளரை வரிசையாகச் சொல்லிச் செல்லும் மதுரைக்காஞ்சி, சங்கை அறுத்துக் கடைவோரையும் மணிகளைத் துளையிடுவோரையும் பொன்னணி செய்வோரையும் பொன்னை உரைத்துப் பார்ப்போரையும் தனித்தனியே சுட்டுகிறது. முத்துக் கோப்பவரை அந்த வரிசையில் காண முடிவதில்லை. ஆயினும் ஒரு மாலை நிலைப்பதும் அறுந்து சிதறுவதும் கோத்தவர் கையில்தான் இருந்தது. அந்தக் கைக்கு எல்லை வகுத்தது துளையின் அகலம். சரட்டின் வரலாற்றைத் துளையிலிருந்தே தொடங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

துளையின் தரத்தை முத்தின் தரத்தோடு சேர்த்து மதிப்பிடும் வழக்கம் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுக் கருவூலத்துக்கு வரும் முத்துக்களை ஆராயும் பகுதியில், தாமிரபரணியில் கிடைப்பதையும் பாண்டிய நாட்டுக்குரியதையும் முதலில் வைத்து எண்ணிவிட்டு, சிறந்த முத்தின் இலக்கணங்களாகப் பருமை, உருட்சி, ஒளி, வெண்மை, கனம், வழவழப்பு ஆகியவற்றோடு 'தேசவித்தம்' என்பதையும் சேர்க்கிறது. தக்க இடத்தில் துளையிடப்பட்டது என்பது அதன் பொருள். இழிந்த முத்துக்களின் பட்டியலோ 'துர்வித்தம்', அதாவது தவறாகத் துளையிடப்பட்டது, என்பதோடு முடிகிறது. கடல் தந்த குறைகளும் மனிதக் கை தந்த குறையும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. துளை மையத்தைச் சற்றே விலகினாலும் கோத்த சரத்தில் அந்த முத்து ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். எத்தனை ஒளியுடையதாயினும் வரிசையைக் கெடுக்கும். அதே நூல் சரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மாலைகளுக்குப் பெயரும் வகுக்கிறது: 1008 சரங்கள் கொண்டது இந்திரச்சந்தம், 504 கொண்டது விஜயச்சந்தம், 100 கொண்டது தேவச்சந்தம், 27 கொண்டது நட்சத்திரமாலை. ஒற்றைச் சரம் ஏகாவலி எனப்பட்டது. 1008 சரங்களை ஒருவர் அணிந்து நடமாடியிருக்க முடியுமா என்ற ஐயம் எழாமலில்லை. ஆயினும் பல சரங்களைச் சேர்த்துக் கட்டுவதே அக்காலத்தில் உயர்வாகக் கருதப்பட்டது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

தமிழ்நாட்டில் கோத்த முத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேசும் சான்று தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளாகும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கோயிலுக்கு அளித்த அணிகலன்களை அவை ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. ஒரே அணியில் கோத்த முத்துக்கள்கூட வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வகைப்படுத்தி எண்ணப்பட்டுள்ளன. வட்டம் என்பது முழு உருண்டை. அனுவட்டம் உருண்டைக்கு அடுத்த நிலை. 'நீர்' என்பது முத்தின் ஒளியோட்டத்தைக் குறிக்கும் சொல். இவற்றை நிறுத்தபோது சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கியே எடை கொள்ளப்பட்டது என்று கல்வெட்டுகள் தெளிவாகச் சொல்கின்றன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்ணிய அளவைகளில் கணக்கெழுதிய கோயில் நிர்வாகத்துக்குச் சரட்டின் எடை முத்தின் எடையோடு கலந்துவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. சரடு கல்வெட்டில் ஏறிய காரணமே அது கழிக்கப்பட வேண்டியது என்பதுதான். அறுந்த சரட்டைக் களைந்துவிட்டு மறுசரடு இடலாம், முத்து மட்டுமே நிலையானது என்ற பார்வை இக்கணக்கு முறையின் அடியில் கிடக்கிறது.

துளையிடும் தொழில் எவ்வாறு நடந்தது என்பதைக் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலப் படை அதிகாரி இராபர்ட் பெர்சிவல் குறிப்பிடத்தக்கவர். 1803இல் வெளிவந்த அவருடைய நூல், மன்னார்க் கரையிலுள்ள கொண்டாச்சியில் நடந்த முத்துக்குளிப்பை விவரித்து, அதனோடு துளையிடுவோரின் கருவியையும் வருணிக்கிறது. தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்ற மரக்கட்டை ஒன்று, ஏறத்தாழ 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்டதாய், 12 அங்குல உயரமுள்ள மூன்று கால்களின்மேல் நிற்கும். அதன் தட்டையான மேற்பரப்பில் பல அளவுகளில் குழிகள் இருக்கும். முத்தைக் குழியில் வைத்துச் சிறு மரச்சுத்தியால் தட்டி இறுக்குவார்கள். ஊசி போன்ற துறப்பணத்தின் தலையை இடக்கையால் அழுத்திக்கொண்டு, அதைச் சுற்றிய நாணுடைய வில்லை வலக்கையால் முன்னும் பின்னும் இழுக்க, ஊசி சுழன்று முத்துக்குள் இறங்கும். அருகில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் இருக்கும். வில்லை ஓட்டும் வலக்கையின் சுண்டுவிரலாலேயே அவ்வப்போது அந்த நீரைத் தொட்டு முத்தின்மேல் விடுவார் தொழிலாளி, வேலையோ நிற்காது. முத்து பெரும்பாலும் சுண்ணக் கரிமச் சேர்மத்தால் ஆன மெல்லிய அடுக்குகளின் தொகுதி. உராய்வில் எழும் சூடு அந்த அடுக்குகளைப் பிளந்துவிடும் என்பதால் ஈரம் காப்பது இன்றியமையாதது. மரக்கட்டை, வில், ஊசி, சிரட்டை ஆகிய இவ்வளவில் ஒரு தொழிற்கூடமே அடங்கிவிட்டது.

இப்படி இட்ட துளை மிகச் சிறியதாக இருந்தது. அதற்குக் காரணம் கருவியின் எளிமை மட்டுமன்று, விலை நிர்ணயித்த முறையும்தான். மன்னார்க் கரையில் முத்துக்களை முதலில் 'பெட்டி' எனப்படும் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் எண்ணால் பெயர்பெற்ற பத்துப் பெட்டிகள் ஒரு தொகுதியாக இருக்கும். கடைசிப் பெட்டியையும் தாண்டி விழுவது தூள். பின்னர் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி, மசங்கு, கலிப்பு, குறுவல், பிசல் என்று தரம் பிரிப்பார்கள். இரண்டிலும் குறையற்றது ஆணி. 'ஆணிமுத்து' என்னும் வழக்கு இன்றும் பேச்சில் நிற்பது இவ்வகையால். தரம் பிரித்தபின் மஞ்சாடி எடையிலிருந்து 'செவ்வு' என்னும் மதிப்பைக் கணிப்பார்கள். செவ்வு எடையின் இருபடியைச் சார்ந்தது. முத்தின் எடை இருமடங்கானால் அதன் மதிப்பு நான்கு மடங்காகும். ஆகவே துளை அகன்று எடை சிறிது குறைந்தாலும் விலையில் இழப்பு அதைவிடக் கூடுதலாகும். இழப்பைத் தவிர்க்க விரும்பிய வணிகர் ஊசியின் பருமனைக் குறைக்கச் சொன்னதில் வியப்பில்லை. இயற்கை முத்துக்களின் துளைகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதை இன்றும் காணலாம்.

சிறு துளைக்குள் தடித்த நூல் நுழையாது. மெல்லிய நூலில் இட்ட முடிச்சோ சிறியதாகவே இருக்கும். குறுமுத்துக்களைப் பல சரங்களாகக் கோக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சிட்டால் முடிச்சும் முத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடும். இந்திய மரபில் சரங்கள் பொதுவாக இடைமுடிச்சின்றிப் பட்டு நூலில் கோக்கப்பட்டு, இரு முனைகளிலும் ஒன்றுசேர்க்கப்பட்டு, பின்கழுத்தில் பட்டுக்கயிறும் குஞ்சமுமாக முடிந்ததற்கு இதுவே தகுந்த விளக்கம். வட இந்தியாவில் பட்வா எனப்படும் சமூகத்தார் இவ்வாறு நகைகளைப் பட்டில் கோத்துக் குஞ்சம் கட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர். பாரசீக வளைகுடாவின் முத்துக்கள் பம்பாய்க்கு வந்து அங்கே துளையிடப்பட்டும் கோக்கப்பட்டும் ஐரோப்பாவுக்குச் சென்ற காலத்தில் இம்மரபே பெருவணிகமாக விரிந்தது. ஐரோப்பியரும் மிகச் சிறிய முத்துக்களைக் கையாண்டபோது இதே இக்கட்டைச் சந்தித்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் விதை போன்ற குறுமுத்துக்களை வெள்ளைக் குதிரை மயிரால் சிப்பித் தகட்டின்மேல் வைத்துத் தைத்தார்கள்.

முத்துக்கொரு முடிச்சு என்னும் முறை ஒரே அளவான பெரிய முத்துக்களால் ஆன ஒற்றைச் சரத்துக்கு உரியது. அதன் பயன்கள் மூன்று. சரடு எங்கேனும் அறுந்தால் ஒரு முத்துக்கு மேல் சிதறாது. அடுத்தடுத்த முத்துக்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாது. சரம் விறைத்து நிற்காமல் கழுத்தின் வளைவுக்கேற்பத் துவண்டு விழும். விலை ஏற ஏற முதற்பயன் மற்றவற்றை மிஞ்சியது. 1917இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் இருந்த மாளிகை ஒன்றை மோர்டன் பிளான்ட் என்னும் செல்வர், 10 லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர முத்துமாலைக்கும் 100 டாலர் ரொக்கத்துக்கும் கார்த்தியே நிறுவனத்துக்குக் கொடுத்தார் என்பது நகை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அந்த விலையில் ஒரு முத்து தரையில் உருண்டோடுவதை எவர் தாங்குவார்?

அவ்விலை நெடுநாள் நிற்கவில்லை. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைக்கோள வடிவ வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1916இல் உருண்டை முத்துக்கான காப்புரிமை பெற்றார். 1920களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்தபோது எழுந்த கலக்கமும் அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தமும் இயற்கை முத்தின் விலையைச் சரித்தன. மன்னார்க் கரையின் கதை அதற்கு முன்பே தளர்ந்திருந்தது: 1906இல் ஒரு நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட இலங்கைப் படுகைகள் 1907க்குப் பின் பலனளிக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதே ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது.

வளர்ப்பு முத்து தரத்தோடு விட்டத்தைப் பார்த்தும் விற்கப்படுவதால், துளையில் போகும் அற்ப எடையைப் பற்றிய பழைய கவலை தளர்ந்தது. இயந்திரத்தில் இடப்படும் அதன் துளை இயற்கை முத்தினதைவிட அகலமானது, ஒரே சீரானது. அகன்ற துளையில் இரட்டை இழைப் பட்டு நுழையும். இரட்டை இழையில் இட்ட முடிச்சு துளைக்குள் நழுவாது. 1970களிலிருந்து சீன நன்னீர் முத்துக்கள் மலிந்த விலையில் குவியத் தொடங்கியபோது, கைதவறினால் பேரிழப்பு என்ற அச்சமும் நீங்கியது. கைத்தேர்ச்சியுள்ள சிலரிடம் மட்டுமிருந்த கோத்தற்கலை வீட்டு மேசைக்கு வந்த வழி இதுவே. ஊசியோடு சேர்த்துச் சுற்றி, ஒரு மாலைக்குப் போதுமான 2 மீட்டர் பட்டு நூலாக விற்கப்படும் அட்டைகள், தனி ஊசியில் நூல் கோக்கும் தொல்லையையும் ஒழித்தன.

வீட்டில் கற்பவர் செய்யும் வேலையில் அடிப்படை அசைவு ஒன்றே. நூலை முதலில் இழுத்து அதன் நீட்சியைப் போக்க வேண்டும்; இல்லாவிட்டால் சில வாரங்களில் முடிச்சுகளுக்கிடையே நூல் தெரியும். தொடக்க முத்துக்களைக் கோத்தபின், மயிரிழை போன்ற உலோகக் கம்பியாலான சுருள் ஒன்றை நூலில் ஏற்றி, அதைக் கொக்கியின் வளையத்தினூடே வளைத்து, நூலை முதல் முத்தினூடே திரும்பச் செலுத்தி முடியிட வேண்டும்; 'கிம்ப்' எனப்படும் இச்சுருள், கொக்கியின் உலோகம் பட்டை அறுக்காமல் காக்கிறது. பிறகு ஒவ்வொரு முத்தையும் ஏற்றி ஒற்றை முடிச்சு ஒன்றைத் தளர்வாக இட்டு, அதன் வளையத்துக்குள் ஊசிமுனையையோ சாமணத்தையோ நுழைத்து முத்தின் அருகுக்கு நகர்த்தி, ஊசியை உருவிக்கொண்டே இறுக்கி, இரட்டை இழைகளை நகங்களால் விலக்கி முடிச்சை முத்தோடு ஒட்டவைக்க வேண்டும். முடிச்சு முன்கூட்டியே இறுகிவிடுவதுதான் புதியவர்களுக்கு நேரும் முதல் இடர். பட்டில் இறுகிய முடிச்சு எளிதில் அவிழாது. முடிச்சுகள் மாலையின் நீளத்தைக் கூட்டும் என்பதையும் முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும்.

அடிக்கடி அணியும் மாலைக்கு ஆண்டுக்கொரு முறையேனும் சரடு மாற்றுவது நல்லது. வியர்வையும் எண்ணெயும் பட்டில் ஊறி அதை நைந்துபோகச் செய்கின்றன, ஊறிய அழுக்கு துளையின் விளிம்பையும் கறைப்படுத்துகிறது. ஆடிப்பெருக்கன்று தாலிச் சரடு மாற்றும் வழக்கம் வழுவாத வீடுகளிலேயே முத்துச் சரம் அறுந்து விழும்வரை தொடப்படாமல் கிடப்பது விந்தை.

பரம்பரையாக வந்த பழைய மாலையைத் தாமே கோக்க முனைவோர் ஒன்றை மறக்கலாகாது. வாங்கிய பட்டு நுழையவில்லை என்பதற்காகத் துளையை அரம் கொண்டு அகற்றிவிடும் பழக்கம் கடைகளிலும் வீடுகளிலும் உண்டு. இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வேறுபடுத்தும் சான்று துளைக்குள் கிடக்கிறது. 1920களில் பாரிஸில் உருவான எண்டோஸ்கோப் என்னும் கருவி, ஊசி வழியே ஒளியைத் துளைக்குள் செலுத்தி, அது முத்தின் அடுக்குகளில் செல்லும் வழியைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிந்தது. குறுகிய துளையும் வில்துறப்பணக் காலத்து அரிய தடயமாகும். அப்படிப்பட்ட மாலைக்கு நூலைத்தான் மெலிதாக்க வேண்டும். ஒற்றை இழையில், தேவையானால் இடைமுடிச்சே இல்லாமல் கோத்தாலும் குற்றமில்லை. துளையை மட்டும் தொடாதிருப்பார்களாக.