திறன் பற்றாக்குறை

திறன் பற்றாக்குறை என்பது, பணியிடங்கள் காலியாக இருந்தும் அவற்றுக்குத் தகுதியான பணியாளர்கள் நிறுவனங்களுக்குக் கிடைக்காத நிலை ஆகும். வேலையின்மை மிகுந்த நாடுகளிலும் இது ஏற்படுவதுண்டு.

இந்தியாவில்

நாசுகாம், மெக்கின்சி ஆகியவற்றின் 2005 ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரே பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பப் பணிகளுக்கு ஏற்றவர்கள் என மதிப்பிட்டது. பழைய பாடத்திட்டம், செய்முறைப் பயிற்சியின்மை, தொடர்பாடல் குறைபாடு ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. இதனால் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குப் பல மாதங்கள் தாமே பயிற்சி அளிக்கின்றன. இன்போசிசின் மைசூர் மையம் இதற்கு எடுத்துக்காட்டு. தமிழ்நாடு அரசு 2022 இல் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது.

மாற்றுக் கருத்து

குறை பட்டதாரிகளிடம் மட்டும் இல்லை என்பாரும் உளர். குறைந்த ஊதியம், மிகையான தகுதி எதிர்பார்ப்பு, பயிற்சிச் செலவைத் தவிர்த்தல் ஆகியவற்றால் நிறுவனங்களே பற்றாக்குறையை உருவாக்குகின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் கப்பெல்லி 2012 இல் வெளியான தம் நூலில் வாதிட்டார்.