கிருமிநீக்கத்துக்குப் பின் எஞ்சுவது: பரப்பில் ஒட்டிய பாக்டீரியாவை அளந்த வரலாறு

கிருமிநீக்கி பூசித் துடைத்த பரப்பில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கின்றன என்று கேட்டால், ஆய்வகம் பெரும்பாலும் ஒரே வழியில்தான் விடை தேடுகிறது: ஒட்டியிருப்பவற்றைக் கழற்றி, அகார் தட்டில் இட்டு, முளைக்கும் காலனிகளை எண்ணுகிறது. தட்டு வெறுமையாக இருந்தால் பரப்பு தூய்மை என்று முடிவாகிறது. இந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அளவிடும் முறையில் நேர்ந்த முன்னேற்றங்களுள் முக்கியமானவை, யாரோ ஒருவர் அந்த வெறுமையை நம்ப மறுத்ததிலிருந்து பிறந்தவை. ஆனால் அந்த ஐயம் இன்றைய தர நெறிமுறைகளுக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை. ஐயத்தின் முதல் தடயம் 1683இலேயே கிடைக்கிறது. தம் பற்களில் படிந்த அழுக்கில் நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹுக், காடியால் கழுவியபோது வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன, உள்ளே காடி எட்டவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

முறையான சோதனை ராபர்ட் காஃகிடமிருந்து தொடங்குகிறது. 1881இல் அவர் ஆந்த்ராக்ஸ் வித்துகளைப் பட்டு நூலில் உலர்த்தி, மருந்தில் நனைத்து, பின் வளர் ஊடகத்தில் இட்டார். வளர்ச்சி இல்லையென்றால் கிருமி செத்தது என்பது கணக்கு. மெர்க்குரிக் குளோரைடு மிகச் சிறந்த கிருமிநீக்கி என்ற பெயர் இப்படித்தான் வந்தது. 1889இல் கெப்பர்ட் இதை மறுத்தார். நூலில் ஒட்டிக்கொண்டு ஊடகத்துக்குள்ளும் வந்துவிடும் மருந்தே வளர்ச்சியைத் தடுக்கிறது என்றார். அம்மோனியம் சல்பைடு சேர்த்துப் பாதரசத்தைச் செயலிழக்கச் செய்தபோது, இறந்ததாகக் கருதப்பட்ட வித்துகள் முளைத்தன. வளராமல் இருப்பதும் சாவதும் ஒன்றில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு. 1897இல் க்ரோனிக்கும் பாலும் ஒரே அளவான கார்னெட் கற்களில் வித்துகளை உலர்த்தி, மருந்தைக் கழுவி நீக்கி, பிழைத்தவற்றை எண்ணினார்கள். பரப்பு, உலர்வு, நடுநிலையாக்கம், எண்ணிக்கை என்ற நான்கும் அப்போதே கையில் இருந்தன.

அடுத்த திருப்பம் பின்னோக்கியது. 1903இன் ரிடீல்-வாக்கர் முறை டைஃபாய்டு கிருமியைத் திரவத்தில் மிதக்கவிட்டு, எந்த மருந்தையும் ஃபீனாலோடு ஒப்பிட்டு ஒற்றை எண்ணைத் தந்தது. விற்போருக்கும் வாங்குவோருக்கும் அது வசதி. பரப்பு கணக்கிலிருந்து விழுந்துபோனது. 1950களில் அமெரிக்காவின் எஃகு உருளைச் சோதனை பரப்பை மீட்டது. ஆனால் அதில் உலர்ந்திருந்தவை தனித்தனிச் செல்கள். தாமே சுரந்த பசைக்குள் கூடி வாழும் சமூகம் அங்கே இல்லை.

அந்தச் சமூகத்தை, அதாவது உயிர்ப்படலத்தை, பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்தது காஸ்டர்ட்டன் குழு 1978இல் எழுதிய கட்டுரை. அதன்பின் கருவிகள் பெருகின. கிறிஸ்டல் வயலட் சாயம் படலத்தின் திரளை அளக்கும். உயிருள்ளதையும் செத்ததையும் அது பிரித்தறியாது. 1999இன் கல்கரி கருவி 96 முளைகளில் படலத்தை வளர்த்து மருந்துகளை ஒரே நேரத்தில் சோதிக்கிறது. சிடிசி உலையில் 24 சிறு வில்லைகள் சுழலும் நீரோட்டத்தில் படலம் தாங்குகின்றன. அந்த உலையை ஏற்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உயிர்ப்படலத்தைக் கொல்லும் என்று உரிமை கோரும் மருந்து, எண்ணிக்கையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்கிறது. கடுமையான வரம்புதான். ஆனால் அங்கு சோதிக்கப்படுவது ஈரப் படலம்.

மருத்துவமனைப் பரப்புகளோ பெரும்பாலும் உலர்ந்தவை. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இறுதித் துப்புரவு முடிந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் பொருள்களை வெட்டியெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது படலம் அப்படியே இருந்தது. 2015இல் விரிவாக்கிய ஆய்வில் 44 மாதிரிகளில் 41 அப்படி. நுண்ணோக்கி பிணங்களையும் எண்ணுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியிலிருந்து மருந்தெதிர்ப்புக் கிருமிகள் ஊடகத்தில் வளரவும் செய்தன. 2016இல் அல்மத்ரூடி குழு, ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்படி ஸ்டாஃபிலோகாக்கஸ் படலத்தை வளர்த்து, 20,000 பிபிஎம் வரை குளோரின் கொடுத்தது. தட்டு எண்ணிக்கை கோடியில் ஒன்றாகச் சரிந்தது. அதாவது எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் முகமையின் வரம்பைத் தாண்டிய வெற்றி. நீண்ட நாள் வளர்ப்பில் அதே படலம் மீண்டும் முளைத்தது. கெப்பர்ட் கண்டதே இங்கே வேறொரு காரணத்தோடு திரும்புகிறது: அன்று உடன்வந்த மருந்து மறைத்தது, இன்று செல்களின் மந்தநிலையும் பசையின் காப்பும் மறைக்கின்றன.

இவ்வளவு மெதுவாக முளைக்கும் ஒருசில செல்களால் நோயாளிக்கு என்ன கேடு என்று கேட்கலாம். உலர் படலத்தைத் தொட்ட விரல்கள் அடுத்தடுத்த பரப்புகளுக்குக் கிருமியைக் கடத்துவது சோதனையில் உறுதியாகியிருக்கிறது. மருந்து பட்டபின் மிஞ்சியவை அதே அளவு கடத்தும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. கேட்டின் அளவு திறந்த கேள்விதான். அதற்காகவேனும் மிஞ்சியதை அளக்க வேண்டியிருக்கிறது. தட்டு எண்ணிக்கை எளியது, ஆய்வகங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கது என்ற வாதத்தை ஏற்கலாம். அதைக் கைவிடத் தேவையில்லை. கழற்றிய பின்னும் வில்லையில் எஞ்சியதைச் சாயமிட்டுப் பார்ப்பதும், அந்த வில்லையையே ஊடகத்தில் இட்டுப் பல நாள் காத்திருப்பதும் எந்த நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கும் எட்டக்கூடியவை. இவ்விரண்டும் இல்லாமல் வெளியிடப்படும் குறைப்பு எண், கழன்று வந்து விரைவில் முளைத்தவற்றின் கணக்கு மட்டுமே. பரப்பு தூய்மையானது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.