பொதுக்கூடங்களில் குளிரூட்டமைப்பு மாற்றம்

பொதுக்கூடங்களில் குளிரூட்டமைப்பு மாற்றம் என்பது, சமுதாய நலக்கூடம், நூலகம், கலையரங்கம் முதலிய பொதுக் கட்டிடங்களில் பழுதுற்றோ காலங்கடந்தோ போன குளிர்சாதனங்களை அகற்றி, கட்டிடத்தின் இயல்புக்கும் அங்கே கூடும் மக்களின் தொகைக்கும் ஏற்ற புதிய ஏற்பாட்டை நிறுவும் பணியாகும். குளிர்நாடுகளில் இப்பணி கணப்பையும் சேர்த்தே கருதப்படுகிறது. கோடையில் அறையின் உஷ்ணத்தை வெளியே தள்ளும் யந்திரமே, பனிக்காலத்தில் திசை மாறி, வெளிக்காற்றிலுள்ள உஷ்ணத்தை உள்ளே கொணர்ந்து சேர்க்கிறது. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையே போதுமான நம் புதுச்சேரிப் பிரதேசத்திலோ குளிரூட்டலும் காற்றோட்டமுமே பிரச்சினையின் முழு உருவம்.

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, தமிழ்நாட்டின் வானூர் வட்டாரத்தை ஒட்டி, பிப்டிக் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற சேதராப்பட்டைப் போன்ற ஊர்களில் இதன் தன்மை நன்கு விளங்கும். நகரின் கடற்கரை வீதிகளை நண்பகலுக்குப் பின் ஆற்றுகின்ற கடற்காற்று, உள்ளே தள்ளியிருக்கும் இவ்வூர்களுக்குப் பிந்தியும் மெலிந்தும் வந்து சேர்கிறது. பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளமோ தன் உஷ்ணத்தை அந்தியில்தான் கீழே இறக்கத் தொடங்குகிறது. வரவேற்பு நிகழ்ச்சிக்காக மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றிய மண்டபத்தில், ஏணியின் மேல் நின்று மேல்தளத்தின் அடிப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்கு, சற்று முன் இறக்கி வைத்த தோசைக்கல்லின் நினைவு வரும். அந்தத் தளத்தை அப்படியே விட்டுவிட்டு யந்திரத்தை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்திற்குப் புதிய கயிறு வாங்குவதற்கு ஒப்பாகும். ஆகவே மாற்றுப்பணியின் முதற்படி மாடியில் தொடங்குவதே முறை. வெண்சுண்ணாம்பு பூசுதல், தட்டோடு பதித்தல், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளோடு பதித்தல் ஆகிய எளிய செயல்கள், வாங்கவேண்டிய யந்திரத்தின் அளவையே குறைத்துவிடக் கூடியவை.

இந்த உண்மையைப் புதுச்சேரி நெடுங்காலமாக அறியும். தமிழர் வீதிகளின் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும், பிரெஞ்சுக்காரர் வீதிகளின் உயர்ந்த கூரையும் பலகணிக் கதவுகளும் வெயிலைத் தடுத்துக் காற்றை அழைக்கும் உபாயங்களே. இவற்றின் சாரத்தை நவீனக் கட்டிடக்கலையில் கொண்டுவந்து நிறுத்தியது, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா. செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா முதலியோர் உடனிருந்து நடத்த, 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய இக்கட்டிடம், ஹைதராபாத் சமஸ்தானத்தின் கொடைக்கு அறிகுறியாகக் கோல்கொண்டா வைரச் சுரங்கத்தின் பெயரை ஏற்றது. அதன் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. சுவர் இருக்கவேண்டிய இடம் முழுவதும், கையால் திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகளே வரிசை வரிசையாக நிற்கின்றன. வெயிலும் மழையும் உள்ளே வராமல், காற்று மட்டும் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் கடந்து செல்கிறது. தளத்தின் மேல் வளைவான கான்கிரீட் ஓடுகள் இடைவெளிவிட்டுக் கவிக்கப்பட்டிருப்பதால், சூரியன் சுடுவது மேலோட்டைத்தான், அறையின் கூரையை அன்று. இந்த அளவு விவேகத்தோடு கட்டப்பட்ட பொதுக்கூடங்கள் இன்று மிகச் சிலவே என்பது வருந்தத் தக்கது.

கூரைக்கு அடுத்தது கூட்டம். அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 115 வாட் உஷ்ணத்தை வெளியிடுகிறார். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.517 கிலோவாட், எனவே 300 பேர் நிறைந்த மண்டபத்தில், கூரை, விளக்கு, சமையற்கட்டு எதையும் கணக்கிற் சேர்க்காமலே, மக்களின் உடற்சூட்டை மட்டும் அகற்ற ஏறத்தாழ 10 டன் தேவைப்படுகிறது. சதுர அடியை மட்டும் பார்த்து டன் கணக்குச் சொல்லும் வழக்கம், இல்லத்து அறைக்கு ஒருவாறு பொருந்தினும், முகூர்த்த நாளில் பொய்த்துப் போவது இதனாலேதான். அன்றியும், சாதாரண ஸ்பிளிட் ஏசி உட்காற்றையே சுழற்றுவது. புதுக்காற்று வர வழியும், பழங்காற்று போக எக்ஸாஸ்ட் விசிறியும் தனியே அமைக்கப்பட வேண்டும். பழைய விசிறிகள் 75 வாட் அளவில் செலவிட, இன்றைய பிஎல்டிசி விசிறிகள் 30 வாட் அளவிலேயே சுழல்வதால், விசிறிகளையும் உடன் மாற்றி, ஏசியின் உஷ்ண அளவைச் சற்று உயர்த்தி வைப்பது சிக்கனத்திற்கு உகந்தது. நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியையே தொடக்க நிலையாகக் கொண்டு வரவேண்டும் என்னும் விதி 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது.

பழைய யந்திரத்தை இறக்குவது இப்பணியின் மிக முக்கியமான கட்டமாயினும், மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் அதுவே. பழைய சாதனங்கள் பலவற்றில் நிரப்பப்பட்டிருப்பது ஆர்-22 என்னும் வாயு. ஓசோன் படலத்தை அரிப்பதோடு, கரியமில வாயுவைப்போல் 1810 மடங்கு புவியைச் சூடாக்கும் வல்லமையுடைய இதனை, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையிலும், 2021இல் அதன் கிகாலி திருத்தத்திலும் சேர்ந்தது. இருந்தும், காப்பர் பைப்பைக் கத்தரித்து, 'புஸ்' என்னும் ஓசையோடு வாயு முழுவதையும் வானில் விட்டுவிட்டு, செம்பை மட்டும் எடைக்குப் போடுவதை இன்றும் காண்கிறோம். இது பெருந்தவறு. யந்திரம் ஓடும் நிலையில் இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் அவுட்டோர் எனப்படும் வெளிப்புறப் பெட்டியில் உள்ள மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் முதலில் மூடி, கம்ப்ரஸரைச் சிறிது நேரம் ஓடவிடுகிறார். கேஜின் முள் பூஜ்யத்தை நெருங்குகையில் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துகிறார். வாயு அவுட்டோருக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது. ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாத இவ்வேலைக்கு 'பம்ப் டவுன்' என்று பெயர். ஓடாத யந்திரமாயின், மீட்புக் கருவியால் வாயுவை உருளையில் பிடிக்க வேண்டும்.

புதிய சாதனங்களில் பெரும்பாலும் வருவது ஆர்-32. சில உற்பத்திகளில் ஆர்-290 எனப்படும் புரொப்பேன். முன்னது சற்றே தீப்பற்றக் கூடியது, பின்னது நன்கு பற்றக் கூடியது. ஆதலால் பைப்பு இணைப்பு நடைபெறும்போது சமையற்கட்டின் அடுப்புகள் அருகில் எரியலாகாது. ஆர்-32இன் அழுத்தம் பழைய வாயுவைவிட மிகுதி. கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு. எனவே சுவருக்குள் பதிந்த பழைய பைப்புகளையே பயன்படுத்திக் கொள்ளும் ஆசையை விடுவது நலம். இணைத்த பின் வேக்யூம் பம்ப் வைத்து ஈரத்தையும் காற்றையும் நன்கு இழுத்தெடுப்பது அவசியம். அவசரத்தில் இதைத் தவிர்த்த யந்திரம், அடுத்த சித்திரைக்குள் மெக்கானிக்கை மீண்டும் அழைத்துவிடும்.

டன் அளவு கூடினால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் மும்முனை இணைப்பையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். அவுட்டோர்களை மேற்கு வெயிலில் நிறுத்தாமல், மாடிப்படிக்கட்டின் நிழலிலோ வடபுறத்திலோ, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கை நுழைந்து காயிலைக் கழுவ இடம்விட்டு வைப்பது வழக்கம். டிரெயின் பைப்பின் நீரைச் சுவரில் வழியவிடாமல், மண்டபத்துப் பின்புறத்து வாழைக்குத் திருப்பிவிடுவோரும் உளர்.