சர்ப்பகந்தா வேரும் ரிசர்பினும்: ஒரு மருந்தின் வரலாறு

உயர் இரத்த அழுத்த மருந்துகளின் வரலாற்றில் ரிசர்பின் பற்றிய பகுதி பெரும்பாலும் 1952ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கப்படுகிறது. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவன ஆய்வாளர்களாகிய முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் சர்ப்பகந்தா வேரிலிருந்து அம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். ஆயின், 1931ஆம் ஆண்டிலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக இந்திய மருத்துவ இதழொன்றில் எழுதியிருந்தனர். அதே ஆண்டில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரபத் உசேன் சித்திக்கியும் வேரிலுள்ள ஆல்கலாய்டுகள் சிலவற்றைப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். தாவரத்தின் அறிவியற்பெயரான ரவுவோல்பியாவோ 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரவுவோல்பைக் குறிப்பது. அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர்.

இதனைக் கொண்டு, நம் முன்னோர் இரத்த அழுத்த நோய்க்கு மருந்து கண்டிருந்தனர் என மேடைகளில் முழங்குவது பொருந்தாது. பாம்புக்கடி, காய்ச்சல், சித்தப்பிரமை ஆகியவற்றுக்கே இவ்வேர் மரபில் வழங்கப்பட்டது. கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் ரிவா ரோச்சியின் கருவி 1896இல்தான் வந்தது. அளக்க இயலாத ஒன்றை நோயாக எவ்வாறு பெயரிட்டிருக்க இயலும்? மரபு தந்தது வேரை. புதிய கேள்வியை அதனிடம் எழுப்பியோர் 1931இன் இந்திய ஆய்வாளர்கள். அவர்களுக்குரிய சிறப்பு அதுவே, அது சிறிதன்று.

அவர்தம் எழுத்து வெளிநாடுகளில் போதிய கவனம் பெறவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாட்டார் திரும்பிப் பார்த்தனர். பாஸ்டனில் வில்கின்ஸ் அதனைத் தொடர்ந்து சோதித்தார். ஓர் உண்மை எவ்விதழில் அச்சேறுகிறது என்பதும் அதன் விதியைத் தீர்மானிக்கிறது. தமிழில் ஆய்வெழுதும் நமக்கு இது புதிய செய்தியன்று.

ரிசர்பின் நரம்பு முனைகளில் உள்ள நார்அட்ரினலின் சேமிப்பை வற்றச் செய்து அழுத்தத்தைக் குறைக்கிறது. மிகுந்த அளவில் உட்கொண்டோர் சிலருக்கு மனச்சோர்வு நேர்ந்ததாக 1950களிலேயே மருத்துவர் எழுதினர். புதிய மருந்துகள் வரவர அதன் செல்வாக்குத் தேய்ந்தது. எனினும் 1967இல் அமெரிக்காவில் எட்வர்ட் பிரைஸ் தலைமையில் வெளிவந்த ஆய்வை மறத்தல் ஆகாது. கீழளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவருள், மருந்துண்ட 73 பேரில் இருவருக்கே கடுந்தீங்கு நேர, வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்கு நேர்ந்தது. அம்மருந்துக் கலவையின் மூன்று கூறுகளில் ஒன்று ரிசர்பின்.