உதவாக்கரைக் காந்தம்

இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் பெரிய சிவப்புக் கல் ஒன்று இருக்கிறது. பெயர் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்'. ஆனால் அது மாணிக்கமே இல்லை, ஸ்பினல் என்ற வேறு கல். மாலுமிகளுக்குத் திசைகாட்டிய காந்தக்கல்லும் அணு அமைப்பில் இதே குடும்பம்தான்.

காமர்ஸ் படிப்பவனுக்குக் காந்தத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசிப் பத்தி வரை பொறுத்துக்கொள்ளவும் :)

காந்தத் தன்மையுள்ள ஸ்பினல் ஆக்சைடுகள் நல்ல லாபம் தந்த சரக்கு. ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்நூக் உருவாக்கிய ஃபெரைட்டுகள் வானொலிக் கருவிகளுக்குள் புகுந்தன. அவை காந்தமாக இருப்பது எப்படி என்று 1948ல் பிரான்சின் லூயி நேயெல் விளக்கினார். 1970ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1956ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பிலிப் ஆண்டர்சன் அதே ஃபெரைட்டுகளில் ஒரு சிக்கலைப் பார்த்தார். மூன்று பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் எதிர்த் திசையில் நிற்க வேண்டும். ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு. மூன்றாமவர் எங்கே பார்ப்பார்? ஸ்பினலுக்குள் சில அணுக் காந்தங்கள் இப்படித்தான் முக்கோணம் முக்கோணமாக மாட்டிக்கொண்டு நிற்கின்றன. எப்படி நின்றாலும் யாருக்காவது திருப்தி இல்லை.

1972ல் கனெல்லா, மைடாஷ் இருவரும் இரும்பு கொஞ்சம் கலந்த தங்கத்தைக் குளிர்வித்தார்கள். ஒரு வெப்பநிலையில் உள்ளிருந்த குட்டிக் காந்தங்கள் வரிசையில் நிற்காமல், தாறுமாறாகவே உறைந்துபோன அடையாளம் தெரிந்தது. கண்ணாடிக்குள் அணுக்கள் கிடப்பதும் அப்படித்தானே? அதனால்தான் 'ஸ்பின் கண்ணாடி' என்ற பெயர். 1975ல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் இதற்குக் கோட்பாடு எழுதினார்கள். அதே வருடம் ஷெரிங்டனும் கிர்க்பாட்ரிக்கும் எளிமையான ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். பார்க்கத்தான் எளிமை. அதற்கு விடை காணும் வழியை இத்தாலியின் பாரிசி 1979ல்தான் பிடித்தார். அதே 1979ல், காந்தமில்லாத அணுக்களைக் கொஞ்சம் கலந்தால் ஸ்பினல் ஆக்சைடும் ஸ்பின் கண்ணாடியாகும் என்று ழாக் வில்லேன் காட்டினார். சுற்றிச் சுற்றி ஸ்பினலுக்கே வந்தாயிற்று!

காந்தமாக இதற்குச் சந்தையில் விலை கிடையாது. குளிர்பதனப் பெட்டிக் கதவில்கூட ஒட்டாது. ஆனால் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாதபோது இருப்பதில் நல்ல ஏற்பாடு எது என்ற கேள்வி தொழிலில் தினமும் வருவது. 1983ல் ஐபிஎம்மில் அதே கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் 'சிமுலேட்டட் அனீலிங்' என்ற கணக்கு முறையை வெளியிட்டார்கள். பொருளைச் சூடாக்கி மெல்ல மெல்ல ஆறவிடுவதைக் கணினியில் செய்வதுதான் அது. சில்லுக்குள் பாகங்களை எங்கே வைப்பது, விற்பனைப் பிரதிநிதி எந்த ஊருக்கு முதலில் போவது என்பதற்கெல்லாம் விடை தேடியது. பாரிசிக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எங்கள் பாடம். ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவைச் சொத்தாகக் காட்டக் கூடாது, அந்த வருடமே செலவில் எழுதிவிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. பலன் வரும் என்று அப்போது நிரூபிக்க முடியாதே! விதி சரிதான். ஆனால் 1956க்கும் 1983க்கும் இடையே 27 வருடம். செலவில் எழுதப்பட்டது என்பதற்காக அதை நஷ்டம் என்று படித்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.